பழைய இரும்பும் திறந்த மூளையும்: மில்லிங் இயந்திரக் கட்டுப்பாட்டின் வரலாறு

வெள்ளிவிழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை வேண்டும் எனக் கழகத்தார் பணித்தபோது, ஊர் வரலாறோ இயக்க வரலாறோ எழுதப்படும் என்றே அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அதற்குப் பொருள் இல்லாமலும் இல்லை. 1954ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆட்சிக்கெதிராக எழுந்த விடுதலை இயக்கத்தார் தொடக்கத்திலேயே கைக்கொண்ட இடங்களுள் நம் நெட்டப்பாக்கமும் ஒன்று. கரியமாணிக்கத்தார்க்கு அதனை எடுத்துரைக்க வல்லார் பலர் உளர். நான் எழுத விழைவது ஓர் இயந்திரத்தின் வரலாறு. அந்த இயந்திரத்தை ஆளும் உரிமை யார் கையிலிருந்து யார் கைக்குப் போயிற்று, பின்னர் எவ்வாறு ஒரு பகுதி திரும்பி வந்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். பட்டறைகளிலும் தொழிற்பேட்டைகளிலும் நம் பிள்ளைகள் உழைக்கும் நாளில் இது வெறும் பொழுதுபோக்குச் செய்தி அன்று.

மில்லிங் இயந்திரத்தைக் கண்டிராதவர்க்கு முதலில் ஒரு சொல். கடைசல் பட்டறையில் உள்ள லேத்தில் வேலைப்பொருள் சுழலும். வெட்டும் உளி நகரும். மில்லிங் இயந்திரத்தில் இது தலைகீழ். பல பற்களையுடைய வெட்டுக்கருவி சுழல, மேசைமீது இறுக்கிக் கட்டப்பட்ட இரும்பு அதனை நோக்கி நகரும். பம்புசெட்டின் தண்டில் சாவித்தடம் வெட்டுவதும், பற்சக்கரத்திற்குப் பல் எடுப்பதும், வார்ப்பிரும்பின் முகத்தைச் சமன் செய்வதும் இதன் வேலை. இடம் வலமாக, முன் பின்னாக, மேல் கீழாக நகர்த்த மூன்று கைச்சக்கரங்கள் உண்டு. சக்கரத்தின் விளிம்பில் பொறித்த கோடுகளைப் பார்த்துத் திருப்புகிறவனின் கண்ணும் மணிக்கட்டுமே வேலையின் தரத்தை முடிவு செய்யும். 1862இல் அமெரிக்காவில் ஜோசப் பிரவுன் அமைத்த பொதுநிலை மில்லிங் இயந்திரம் முதல், 1930களில் ருடால்ப் பேனோ என்னும் சுவீடன் நாட்டுக் குடியேறி வடித்த பிரிட்ஜ்போர்ட் இயந்திரம் வரை, இந்நிலை மாறவில்லை. நம் நாட்டில் 1953இல் நிறுவப்பட்ட ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் நிறுவனம் பெங்களூரில் லேத்துகளையும், பின்னர் 1960களில் பஞ்சாப் பகுதியில் இருந்த பிஞ்ஜோரில் மில்லிங் இயந்திரங்களையும் செய்யத் தொடங்கியது. அந்நாளைய எச்.எம்.டி. இயந்திரங்கள் இன்றும் பல பட்டறைகளில் ஓடுகின்றன. வார்ப்பிரும்பு எளிதில் சாவதில்லை.

சாவது வேறொன்று. நான் இளமையில் பணிபுரிந்த தொழிற்கூடம் ஒன்றில், வெளிநாட்டிலிருந்து பழையதாக வாங்கப்பட்ட, கணிப்பொறியால் இயங்கும் மில்லிங் இயந்திரம் ஒன்று இருந்தது. நாங்கள் அதற்கு ஆப்பரேட்டர்கள். பச்சைப் பொத்தான் எங்களுடையது; மற்றவை பூட்டப்பட்டிருந்தன. இயந்திரத்தின் அளவுக்குறிப்புகள் யாவும் ஒரு சிறு பேட்டரியின் உயிரால் நினைவகத்தில் தங்கியிருந்தன என்பது எங்களுக்குத் தெரியாது. விடுமுறை ஒன்றின்போது அந்தப் பேட்டரி தீர்ந்தது. திரும்பி வந்து பார்த்தால் திரையில் ஓர் எச்சரிக்கைச் செய்தி, மேசை அசையவில்லை. எழுதிவைத்த அளவுக்குறிப்புத் தாளும் யாரிடமும் இல்லை. அந்த மாதிரிக்கு இனிச் சேவை இல்லை, புதுக் கட்டுப்பாட்டுப் பெட்டி வாங்குங்கள் என விற்பனையாளர் தரப்பில் விடை வந்தது. அதன் விலை, முழு இயந்திரத்தையும் வாங்கிய விலையினும் மிகுதி. தண்டு நேராக இருந்தது, தாங்கிகள் நன்றாக இருந்தன, மோட்டார்கள் பழுதுபடவில்லை. ஆயினும் அவ்வியந்திரம் எடைபோட்டு விற்கப்பட்டது. லாரியில் ஏற்றும்போது கயிறு பிடித்தவர்களுள் நானும் ஒருவன். அதன்பின்னரே, இந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது என்று படிக்கத் தொடங்கினேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் டிராவர்ஸ் சிட்டி என்னும் ஊரில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டரின் சுழல் இறக்கைகளைச் செய்துவந்தார். இறக்கையின் குறுக்கு வடிவத்தை அச்சாக வெட்ட வளைகோட்டின்மேல் பல புள்ளிகள் தேவைப்பட்டன. அவருடைய பொறியாளர் ஃபிராங்க் ஸ்டூலன், துளையட்டைக் கணக்கு இயந்திரங்களைக் கொண்டு அப்புள்ளிகளைக் கணித்துத் தந்தார். அதனை இரும்பில் ஏற்றிய முறைதான் நம் கவனத்திற்குரியது. ஒருவர் பட்டியலில் உள்ள எண்களை உரக்கப் படிப்பார். ஒரு தொழிலாளி ஓர் அச்சின் சக்கரத்தையும் மற்றொருவர் அடுத்த அச்சின் சக்கரத்தையும் அந்த எண்ணுக்குத் திருப்புவர். கருவி இறங்கி வெட்டும். பின் அடுத்த எண். நம் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை வாய்ப்பாடு சொல்ல மற்றவர் திருப்பிச் சொல்வது போன்ற காட்சி அது. படிப்பவரின் வாய்க்குப் பதிலாக ஒரு துளையட்டையும், சக்கரம் திருப்பும் கைகளுக்குப் பதிலாக மோட்டார்களும் இருந்தால் என்ன எனப் பார்சன்ஸ் எண்ணியதே எண்வழிக் கட்டுப்பாட்டின் வித்து.

1949இல் அமெரிக்க விமானப்படையின் ஒப்பந்தம் கிடைத்தது. பார்சன்ஸ் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் உதவியை நாட, ஆராய்ச்சி மெல்ல மெல்ல அவர் கையை விட்டுக் கழகத்தின் கைக்குப் போயிற்று. 1952 செப்டம்பரில் அங்குக் காட்டப்பட்டதே உலகின் முதல் எண்வழி மில்லிங் இயந்திரம் எனப் போற்றப்படுகிறது. ஆனால் அது புதிதாகச் செய்த இயந்திரம் அன்று! சின்சினாட்டி நிறுவனத்தின் ஹைட்ரோ-டெல் என்னும் பழைய மில்லிங் இயந்திரம் ஒன்றைப் பெற்று, அதன் மூன்று அச்சுகளுக்கும் மோட்டார் பூட்டி, நூற்றுக்கணக்கான வெற்றிடக் குழல்களைக் கொண்ட அலமாரிகளோடு இணைத்து, துளையிட்ட தாள்நாடாவால் ஓட்டினர். பழைய இரும்புக்குப் புது மூளை வைப்பது என்பது ஏழைப் பட்டறைக்காரன் கண்ட குறுக்குவழி என எண்ணுவோர் உளர். இத்தொழில்நுட்பம் பிறந்ததே அந்த வழியில்தான்.

இதே காலத்தில் வேறொரு வழியும் இருந்தது, அது மறக்கப்பட்டுவிட்டது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தார் 1940களின் பிற்பகுதியில் செய்துபார்த்த அம்முறையில், தேர்ந்த தொழிலாளி ஒருவர் முதல் பொருளைத் தம் கையால் செய்வார். அவர் கையசைவுகள் யாவும் காந்த நாடாவில் பதியும். பின்னர் நாடாவை ஓட்டினால் இயந்திரம் அதே அசைவுகளைத் திரும்பச் செய்யும். இங்கே நிரல் எழுதுபவன் தொழிலாளியே. அவனுடைய திறமைதான் மூலதனம். டேவிட் நோபிள் என்னும் வரலாற்றாசிரியர் 1984இல் வெளியிட்ட ‘ஃபோர்சஸ் ஆஃப் புரொடக்‌ஷன்’ என்னும் நூலில், இவ்விரு வழிகளுள் எண்வழி முறை வென்றதற்குக் காரணம் அதன் தொழில்நுட்பச் சிறப்பு மட்டுமன்று என வாதிட்டார். விமானப்படையின் பெருஞ்செல்வமும், வேலையின் அறிவைப் பட்டறைத் தளத்திலிருந்து அலுவலக மாடிக்கு ஏற்றிவிட விரும்பிய நிர்வாகத்தின் ஆசையும் அதன் பின்னே இருந்தன என்பது அவர் கருத்து. இவ்வாதத்தில் மிகை உண்டு என்பாரும் உளர். சிக்கலான விமான உறுப்புகளைக் கையசைவுப் பதிவால் செய்திருக்க இயலாது என்பது அவர்கள் மறுப்பு; அதிலும் உண்மை இருக்கிறது. மேலும், பதிவு முறை தொழிலாளிக்கு நட்பானது என எளிதாகச் சொல்லிவிடவும் முடியாது. ஜெனரல் எலக்ட்ரிக்கில் பணிபுரிந்த குர்ட் வானகட் 1952இல் எழுதிய ‘பிளேயர் பியானோ’ நாவலில், கையசைவுகள் பதிவு செய்யப்பட்ட முதிய தொழிலாளி பின்னர் வேலையற்றவனாகிறான். கைத்திறனை நாடாவில் எடுத்துக்கொண்டபின் நாடா யாருக்குச் சொந்தம் என்பதே கேள்வி.

அதன்பின் முப்பது நாற்பது ஆண்டுகளில் வெற்றிடக் குழல் போய் டிரான்சிஸ்டர் வந்தது, தாள்நாடா போய் நினைவகம் வந்தது, பெட்டி சிறுத்தது. ‘ஜி-கோடு’ எனப்படும் கட்டளைமொழி ஏறத்தாழப் பொதுவாயிற்று. ‘ஜி1 எக்ஸ்50 எஃப்200’ என எழுதினால், நிமிடத்திற்கு 200 மில்லிமீட்டர் வேகத்தில் நேர்கோட்டில் 50 என்னும் இடத்திற்கு நகர்க எனப் பொருள். மொழி பொதுவானாலும் அதனைப் படித்து மோட்டாருக்கு ஆணையிடும் நிரல் ஒவ்வொரு நிறுவனத்தின் மறைபொருளாகவே இருந்தது. அகராதி கடையில் கிடைக்கும். இலக்கணம் மட்டும் சிலர் வீட்டுப் பெட்டியில் இருக்கும் என்றால் நம்மவர்க்கு நன்கு விளங்கும்.

நம்மவர்க்குத் தொழிற்கல்வியின் கதவைத் திறக்க முயன்றோர் வரலாறு இதே காலத்தது என்பதனை இவ்விடத்தில் நினைவுகூர்தல் பொருந்தும். வைசிராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த டாக்டர் அம்பேத்கர், 1942 அக்டோபரில் லின்லித்கோ பிரபுவிடம் அளித்த மனுவில் அரசுப் பணியிடங்களைப் பற்றி மட்டும் பேசவில்லை. அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்கு உதவித்தொகையும், அரசு அச்சகங்களிலும் இரயில்வே பட்டறைகளிலும் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்குத் தொழில் பழகுநர் இடமும் கேட்டார். நிலமற்றவனுக்கு இயந்திரம் ஒரு நிலம் என அவர் கண்டிருந்தார் போலும். 1961இல் தொழில் பழகுநர் சட்டம் வந்தது. தொழிற்பயிற்சி நிலையங்கள் பெருகின. நம் பிள்ளைகள் மேட்டுப்பாளையத்திற்குச் சைக்கிளில் போய் ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் எனச் சான்றிதழ் பெற்றனர். கதவு திறந்தது மெய். ஆனால் உள்ளே போனபோது, இயந்திரத்தின் அறிவு பூட்டிய பெட்டிக்குள் மாறிப் போயிருந்தது.

பெட்டியைத் திறந்த கதை அதே மசாசூசெட்ஸ் கழகத்தில் தொடங்குகிறது. அங்கே பணிபுரிந்த ரிச்சர்டு ஸ்டால்மன், ஆய்வகத்திற்கு வந்த புதிய அச்சுப்பொறி ஒன்றின் மூலநிரலைத் தர மறுக்கப்பட்டதால் மனம் நொந்தவர். 1983 செப்டம்பரில் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிய மென்பொருளை ஆக்குவதே அதன் நோக்கம். 1991இல் பின்லாந்தில் மாணவராக இருந்த லினஸ் டொர்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் இயக்க முறைமையின் கருவகத்தை வெளியிட்டார். இரண்டும் சேர, கணிப்பொறியின் அடிமுதல் நுனிவரை படிக்கத்தக்கதாயிற்று.

ஆயினும் படிக்கத்தக்க கணிப்பொறி மில்லிங் இயந்திரத்தை ஓட்டிவிடாது. ஏன் என்பதைச் சிறு கணக்கால் காட்டலாம். மேசையை நகர்த்தும் திருகுத்தண்டு ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்த்துவதாகக் கொள்வோம். அதனைத் திருப்பும் ஸ்டெப்பர் மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 2000 துடிப்புகள் வேண்டும். எனவே ஒரு மில்லிமீட்டருக்கு 400 துடிப்பு. நிமிடத்திற்கு 1200 மில்லிமீட்டர், அதாவது நொடிக்கு 20 மில்லிமீட்டர் ஓட வேண்டுமானால் நொடிக்கு 8000 துடிப்பு; ஒவ்வொன்றுக்கும் இடைவெளி ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் 125 பங்கு. சாதாரணக் கணிப்பொறி கடிதம் அச்சிடும்போதோ படம் காட்டும்போதோ ஒரு நொடியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு தாமதித்தால் நாம் உணரமாட்டோம். இயந்திரமோ அதற்குள் 40 துடிப்புகளை இழந்துவிடும்; ஓடிய மோட்டார் திடுமென நின்று, கணக்குத் தவறி, வேலைப்பொருள் பாழாகும். பறை அடிப்பவர் கையில் ஓரடி பிந்தினால் ஆட்டம் முழுதும் கலைவது போல. ஆகவே வேறெந்த வேலை இருந்தாலும் அதை நிறுத்திவைத்து உரிய கணத்தில் துடிப்பை அனுப்பும் ‘நிகழ்நேர’ ஒழுங்கு தேவைப்பட்டது. விக்டர் யோடைக்கன், மைக்கேல் பரபனோவ் ஆகியோர் 1990களில் நியூ மெக்சிகோவில் லினக்ஸுக்கு அவ்வொழுங்கை அமைத்துத் தந்தனர். இத்தாலியின் மிலான் நகரத்தாரும் தனியாக ஒன்றை ஆக்கினர்.

இதே ஆண்டுகளில் அமெரிக்க அரசின் தேசியத் தர, தொழில்நுட்ப நிறுவனம், எந்த ஒரு வணிக நிறுவனத்தையும் சாராத கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்றை ஆராய்ச்சிக்காக எழுதியது. இ.எம்.சி. என்பது அதன் பெயர். 1990களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் பான்டியாக் நகர ஆலையில் ஒரு பெரிய இயந்திரத்தில் அது பொருத்திப் பார்க்கப்பட்டது. அமெரிக்க அரசு ஊழியர் தம் பணியில் எழுதியவற்றுக்கு அந்நாட்டுச் சட்டப்படி பதிப்புரிமை இல்லை. ஆகவே அந்நிரல் பொதுச்சொத்தாயிற்று. அரசு ஆராய்ச்சி முடிந்த பின்னும், வீட்டுக் கொட்டகையில் பழைய பிரிட்ஜ்போர்ட் வைத்திருந்தோரும் சிறு பட்டறைக்காரருமான தன்னார்வலர் அதனை விடவில்லை. 2000க்குப் பின் அதனைத் திருத்தி எழுதி இ.எம்.சி.2 ஆக்கினர். அதே பெயர்ச்சுருக்கம் கொண்ட ஒரு பெருநிறுவனம் வணிகப்பெயர் உரிமை கோரியதால், 2011இல் அது லினக்ஸ் சி.என்.சி. எனப் பெயர் மாற்றிக்கொண்டது. பெயரை இழந்தது, நிரலை இழக்கவில்லை.

தொழிலாளியின் பார்வையில் இம்மென்பொருளின் தலைசிறந்த உறுப்பு ஜான் கசுனிச் என்பார் வகுத்த ‘ஹால்’ எனும் அமைப்பு என்பேன். பெட்டிக்குள் கம்பிகளை முனைக்கு முனை இணைப்பதுபோல, மென்பொருளின் முனைகளையும் பெயரிட்ட கம்பிகளால் இணைக்கலாம். எல்லைச் சுவிட்சு இந்த முனை, மோட்டார் அந்த முனை, குளிர்நீர்ப் பம்பு மற்றொன்று. எந்தக் கம்பியில் என்ன ஓடுகிறது என்பதை, இயந்திரம் ஓடும்போதே திரையில் அலைவரைவாகப் பார்க்கலாம். மின்வேலை தெரிந்த ஃபிட்டர் ஒருவர் நிரல் எழுதக் கல்லாமலே இதனைப் பயில இயலும். அளவுக்குறிப்புகள் எவையும் பேட்டரியின் தயவில் இல்லை; சாதாரண எழுத்துக் கோப்பில் இருக்கின்றன. தாளில் அச்சிட்டு இயந்திரத்தின் கதவில் ஒட்டிவைக்கலாம்.

இனி ஒரு பழைய மில்லிங் இயந்திரத்தைப் புதுப்பிக்கும் வேலை எவ்வாறு நடக்கும் என்பதைச் சுருங்கச் சொல்வேன். முதலில் இரும்பைச் சோதிக்க வேண்டும். சறுக்குத் தடங்கள் தேய்ந்திருந்தால் எந்த மென்பொருளும் அதனை நேராக்காது. சுரண்டிச் சமன்செய்யும் கிழவரின் கைதான் நேராக்கும். பழைய திருகுத்தண்டில் திசை மாறும்போது ஆட்டம் இருக்கும். ஆகையால் பெரும்பாலும் குண்டுகள் உருளும் பால் ஸ்க்ரூ பொருத்துவர். பிறகு மோட்டார், அதனை இயக்கும் டிரைவ், எல்லைச் சுவிட்சுகள். மோட்டார் ஸ்டெப்பராயின் செலவு குறைவு. ஆனால் அது துடிப்பை இழந்தால் தானே அறியாது. சர்வோவாயின் பின்னே என்கோடர் இருந்து, இட்ட ஆணைக்கும் சென்ற இடத்திற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிக்கொண்டே இருக்கும். வேறுபாடு எல்லை மீறினால் இயந்திரம் நிற்கும். என் தொழிற்கூடத்து இயந்திரத்தில் நல்ல சர்வோக்களே இருந்தன. அவற்றைக் கழற்றக்கூடத் தேவை இருந்திராது. இறுதியாக அளவீடு. 100 மில்லிமீட்டர் நகரச் சொல்லி, டயல் கேஜ் வைத்துப் பார்த்து, 99.8 சென்றிருந்தால் ஒரு மில்லிமீட்டருக்கான துடிப்பு எண்ணைத் திருத்த வேண்டும். இதில் கூட்டல் கழித்தலுக்கு மேல் வகுத்தலே போதும்.

இலவசம் என்ற சொல்லால் ஏமாறக் கூடாது. மென்பொருளுக்கு விலையில்லை, பால் ஸ்க்ரூவுக்கும் டிரைவுக்கும் உண்டு. தினமும் மூன்று ஷிப்டு ஓடும் உற்பத்தி ஆலைக்கு, பழுது நேர்ந்தால் உடனே ஆள் அனுப்பும் நிறுவனத்தின் பெட்டியே ஏற்றது எனில் நான் மறுக்கமாட்டேன். மேலும் அவசர நிறுத்தப் பொத்தானை மென்பொருளிடம் ஒப்படைக்கவே கூடாது. அது மோட்டாரின் மின்சாரத்தை நேரே துண்டிக்க வேண்டும். கணிப்பொறி உறைந்து நின்றாலும் விரல் காப்பாற்றப்பட வேண்டும். விரல் இழந்தோரை நம் தெருக்களில் அறிவோம்.

இவற்றையெல்லாம் கற்க ஆங்கிலம் தடையாக நிற்கிறது என்பர். உண்மைதான். எனினும் 2012இல் தொடங்கிய கணியம் மின்னிதழ் கட்டற்ற மென்பொருளைத் தமிழில் கற்பித்துள்ளது. நமக்கு அண்மையில் விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவரைச் சேர்த்துப் பயிற்றுகிறது. இயந்திரத் தொழிலுக்கான தமிழ்க் கையேடுகள்தாம் அருகியுள்ளன. ஃபிட்டராகப் பணியாற்றி ஓய்வு பெற்றோர் நம்முள் பலர் உளர். அவர்கள் சொல்ல, இளையோர் எழுதலாம்.

தொடங்குவதற்கு மில்லிங் இயந்திரமே தேவையில்லை. 2024இல் நிகழ்நேர ஒழுங்கு லினக்ஸின் முதன்மைக் கருவகத்திலேயே சேர்க்கப்பட்டுவிட்டது. அலுவலகம் ஒன்று கழித்துப்போட்ட மேசைக் கணிப்பொறி போதும். லினக்ஸ் சி.என்.சி.யை நிறுவினால், இயந்திரம் இல்லாமலே திரையில் கருவி ஓடும் பாதையைக் காணும் வசதி அதில் உண்டு. அத்துடன் தாமதச் சோதனை என ஒரு சிறு நிரலும் வருகிறது. அதனை ஓடவிட்டு, சாளரங்களைத் திறந்தும் மூடியும், கோப்புகளைப் படியெடுத்தும், கணிப்பொறியை வேண்டுமென்றே தொல்லைப்படுத்த வேண்டும். சில மணி நேரம் கழித்து, மிகுதியான தாமதம் எவ்வளவு என ஓர் எண் திரையில் நிற்கும். நொடியின் பத்து இலட்சத்தில் 20 பங்குக்குள் இருந்தால் மிக நன்று. 50 வரை மெதுவான வேலைக்கு ஆகும். 100ஐத் தாண்டினால் மோட்டாருக்கான துடிப்பை அக்கணிப்பொறியே உண்டாக்க இயலாது, அதற்கெனத் தனி மின்னட்டை வேண்டும். கழகத்தின் கூடத்து அலமாரிக்குப் பின்னே இரண்டு பழைய கணிப்பொறிகள் துணி போர்த்திக் கிடக்கின்றன. அவற்றின் எண் என்ன என்பதை இதுவரை யாரும் பார்த்ததில்லை.